ஒன்றா, இரண்டா? – அமெரிக்க உதைபந்தாட்டத்தில் ஒரு கணக்கு

இலையுதிர் காலம் பிறந்துவிட்டால் கனடாவில் வாழும் எமது இல்லங்கள் பலவற்றில் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களிலே ஒரு சிறு பிணக்குத் தோன்றுவதை நாம் அறிவோம். பிள்ளைகள் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து, எல்லைக்கு அப்பால் நடைபெறும் அமெரிக்க உதைபந்தாட்டத்தைப் பார்ப்பர். பெற்றோரோ, முட்டை வடிவான பந்தொன்றைக் கையில் ஏந்திக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரள்வதற்கு உதைபந்தாட்டம் என்று பெயரிட்டவர் எவரோ என வியந்தவாறு, வீட்டுப்பாடம் முடிந்ததா என்று வினவுவர். அவ்விளையாட்டினுள்ளே நல்லதொரு கணிதப் பாடம் மறைந்து கிடக்கின்றது என்பதனை இம்மலரின் வாயிலாக இரு சாராருக்கும் எடுத்துக்காட்ட விழைகின்றோம். பிள்ளைகளுக்கு ஆட்டம் தெரியும். பெற்றோருக்குக் கணக்குத் தெரியும். ஆகவே இருவரும் சேர்ந்திருந்து படித்தல் நன்று.

முதலிற் பெற்றோருக்காகச் சில சொற்கள். பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பாற் கொண்டு சேர்ப்பது ‘ரச்டவுண்’ எனப்படும். அதற்கு 6 புள்ளிகள். அவ்வளவு தூரம் செல்ல இயலாதபோது, பந்தை உதைத்து இரு கம்பங்களுக்கு ஊடாகச் செலுத்தினால் 3 புள்ளிகள். இது ‘பீல்ட் கோல்’. ரச்டவுண் பெற்ற அணிக்கு உடனடியாக இன்னுமொரு வாய்ப்புத் தரப்படும். அவ்வாய்ப்பை இரு வழிகளிற் பயன்படுத்தலாம். பந்தைக் கம்பங்களுக்கு ஊடாக உதைத்து மேலும் 1 புள்ளி பெறலாம். அன்றேல், எல்லைக்கோட்டுக்கு அணித்தான ஓரிடத்திலிருந்து ஒரேயொரு முயற்சியில் பந்தை மீண்டும் கோட்டுக்கு அப்பாற் கொண்டுசென்று 2 புள்ளிகள் பெறலாம். தவறினால் ஒன்றுமில்லை. எதனைத் தெரிவது என்பதைப் பயிற்றுநர் சில நொடிகளுள் தீர்மானித்தல் வேண்டும்.

இந்த இரண்டு புள்ளி விதி ஆட்டத்தோடு கூடப் பிறந்ததன்று. அமெரிக்கக் கல்லூரிகள் 1958 இல் இதனைக் கொண்டுவந்தன. கனடிய உதைபந்தாட்டத்தில் 1975 இல் வந்தது. அமெரிக்கத் தேசிய உதைபந்தாட்டக் கழகமாகிய என்.எவ்.எல். 1994 இல்தான் ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டின் முதல் வாரத்திலேயே, கிளீவ்லான்ட் பிறவுண்ஸ் அணியின் ரொம் ரூப்பா என்பவர், உதைப்பவருக்காகப் பந்தைப் பிடித்து வைப்பதுபோற் பாவனை செய்து, பின்னர் அதனைத் தூக்கிக்கொண்டு ஓடி, அக்கழகத்தின் முதலாவது இரண்டு புள்ளியைப் பெற்றார். நண்பர்கள் அவருக்கு ‘இரண்டு புள்ளி ரூப்பா’ என்று பட்டம் சூட்டினராம்.

2015 வரை என்.எவ்.எல். ஆட்டங்களில் ஒரு புள்ளிக்கான உதை ஏறத்தாழ வெறும் சடங்காகவே இருந்தது. நூறு உதைகளில் 99 க்கு மேற்பட்டவை வெற்றி பெற்றன. தேநீர் வார்த்து வருவதற்கு உகந்த நேரமாகவே பார்வையாளர் அதனைக் கருதினர். 2015 இல் விதியை மாற்றினர். உதைக்கான பந்து 15 யார்க் கோட்டிலிருந்து கொடுக்கப்படலாயிற்று. உதையின் தூரம் 33 யார் ஆயிற்று. (ஒரு யார் மூன்று அடி என்பதைப் பெற்றோர் மறந்திருக்கமாட்டார்கள்.) அதன் பின்னர் வெற்றி வீதம் நூற்றுக்கு 94 முதல் 96 வரையான அளவுக்கு இறங்கிற்று. இரண்டு புள்ளி முயற்சியோ 2 யார்க் கோட்டிலிருந்து நடைபெறுவது. அது பாதிக்குச் சற்றுக் குறைந்த தடவைகளில், நூற்றுக்கு 48 அளவில், கைகூடுகின்றது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். நூறு தடவை உதைத்தால் 94 அல்லது 95 புள்ளிகள் கிடைக்கும். நூறு தடவை இரண்டுக்கு முயன்றால் 48 தடவை வெற்றி, ஆகவே 96 புள்ளிகள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே! அவ்வாறாயின் எதனைத் தெரிந்தாலும் கேடில்லை என எண்ணத் தோன்றும். ஆட்டத்தின் தொடக்கத்தில் அது பெரும்பாலும் உண்மையே. ஆட்டம் முடியும் தறுவாயில் நிலைமை முற்றாக மாறிவிடுகின்றது. ஏனெனில், இறுதியில் எத்தனை புள்ளி பெற்றோம் என்பதை எவரும் கேட்பதில்லை. வென்றோமா, தோற்றோமா என்பதையே கேட்பர். ஒரு புள்ளியால் வெல்வதும் இருபது புள்ளியால் வெல்வதும் ஒன்றே. ஆதலின் புள்ளிகளின் சராசரியை விட்டு, வெற்றியின் நிகழ்தகவை நாம் கணித்தல் வேண்டும்.

யாழ்ப்பாணத்திற் கரும்பலகையின் முன் நின்ற காலத்தில் நிகழ்தகவைக் கற்பிக்க நாணயத்தையும் தாயக்கட்டையையும் கொண்டே காலங்கழித்தோம். அக்காலத்தில் இந்த எடுத்துக்காட்டுக் கிடைத்திருப்பின் வகுப்பின் கடைசி வாங்கில் இருந்தோரும் விழித்திருந்திருப்பர்.

ஓர் அணி 14 புள்ளிகள் பின்னிற்கின்றது. ஆட்டம் முடியச் சொற்ப நேரமே உள்ளது. அவ்வணி ஒரு ரச்டவுண் பெறுகின்றது. வேறுபாடு 8 ஆகின்றது. இப்போது ஒன்றா, இரண்டா? நூற்றுக்குத் தொண்ணூறு பெற்றோர், ஏன், மிகப் பல பயிற்றுநர்களும், “ஒன்றை எடு, அடுத்த ரச்டவுணுக்குப் பின் இன்னுமொன்றை எடு, சமநிலைக்கு வந்து மேலதிக நேரத்தில் வெல்லப் பார்” என்பர். மரபான அட்டவணைகளும் இதனையே கூறின. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கின்றது. ஆயினும் கணக்கு வேறுவிதமாகச் சொல்கின்றது.

எளிமைக்காக உதை என்றும் தவறாது எனவும், இரண்டு புள்ளி முயற்சி பாதித் தடவை வெல்லும் எனவும், மேலதிக நேரத்தில் இரு அணிக்கும் சரிபாதி வாய்ப்பு எனவும் கொள்வோம். அவ்வணி இன்னுமொரு ரச்டவுண் பெறும், எதிரணி எதுவும் பெறாது என்றும் கொள்வோம். அது நடவாவிடில் எதனைத் தெரிந்தும் பயனில்லை. இத்தகைய 8 ஆட்டங்களை மனத்திற் கொள்க. இரு தடவையும் உதைத்தால் எட்டும் சமநிலையாகும்; மேலதிக நேரத்தில் 4 வெற்றி, 4 தோல்வி. முதலாவது ரச்டவுணுக்குப் பின்னரே இரண்டுக்கு முயன்றால் என்னவாகும்? நான்கு ஆட்டங்களில் முயற்சி கைகூடும். அந்நான்கிலும் அடுத்த ரச்டவுணின் பின் ஒரேயோர் உதையினால் மேலதிக நேரமின்றியே வெற்றி. எஞ்சிய நான்கில் முயற்சி தவறும். ஆயினும் அடுத்த ரச்டவுணின் பின் மீண்டும் இரண்டுக்கு முயலலாமல்லவா? அவற்றுள் இரண்டில் கைகூடிச் சமநிலை வரும். மேலதிக நேரத்தில் ஒன்று வெற்றி, ஒன்று தோல்வி. மற்றைய இரண்டும் தோல்வி. கூட்டிப் பார்த்தால் 5 வெற்றி, 3 தோல்வி. எட்டில் நான்காக இருந்தது எட்டில் ஐந்தாயிற்று. அணி பலம் பெறவில்லை, எதிரணி பலங்குன்றவில்லை. முயற்சியின் வரிசையை மாற்றியமையே காரணம். முதலில் தவறினால் அதனைத் திருத்திக்கொள்ள இரண்டாவது வாய்ப்பு உண்டு. இறுதியில் தவறினால் இல்லை.

உயர்வகுப்பு மாணவர் இன்னும் ஒருபடி மேலே செல்லலாம். இரண்டு புள்ளி முயற்சியின் நிகழ்தகவு ‘ப’ எனக் கொண்டால், இவ்வழியில் வெற்றியின் நிகழ்தகவு ப + ப(1 − ப)/2. இது உதைக்கும் வழியின் 1/2 இற்குச் சமமாகும் இடம் எது? சுருக்கினால் ப² − 3ப + 1 = 0 என்னும் இருபடிச் சமன்பாடு வரும். அதன் பொருத்தமான தீர்வு (3 − √5)/2, அதாவது ஏறத்தாழ 0.38. நூற்றுக்கு 38 க்கு மேல் வெல்லக்கூடிய எந்த அணியும் இவ்வேளையில் இரண்டுக்கு முயலுதல் தகும். சிற்பிகளும் ஓவியரும் போற்றும் பொன் விகிதத்திலும் இதே √5 வருவதை மாணவர் கவனிக்க. அதன் வர்க்கத்தால் ஒன்றை வகுத்தால் இந்த 0.38 கிடைக்கும்.

இக்கணக்கின் பெறுமதியை உணர்த்த 1984 ஆம் ஆண்டு சனவரி 2 ஆம் நாள் புளோரிடாவில் நடைபெற்ற ஒறேஞ் போல் ஆட்டத்தினும் சிறந்த சான்று வேறில்லை. நெப்ராஸ்காப் பல்கலைக்கழக அணி அவ்வாண்டு ஆடிய 12 ஆட்டங்களிலும் வென்று முதலிடத்தில் நின்றது. அதன் பயிற்றுநர் ரொம் ஒஸ்போர்ன். எதிரணி மயாமி. நான்காவது காற்பகுதியில் மயாமி 31, நெப்ராஸ்கா 17. நாம் மேலே கண்ட அதே 14 புள்ளி வேறுபாடு! நெப்ராஸ்கா ஒரு ரச்டவுண் பெற்றது, ஒஸ்போர்ன் உதைக்கச் செய்தார், 31–24. ஆட்டம் முடிய 48 நொடிகள் இருக்கையில் இன்னுமொரு ரச்டவுண், 31–30. அந்நாளிற் கல்லூரி ஆட்டங்களில் மேலதிக நேரம் கிடையாது. அது 1996 இல்தான் வந்தது. ஓர் உதை உதைத்திருந்தால் ஆட்டம் சமநிலையில் முடிந்திருக்கும். தோல்வியே காணாத நெப்ராஸ்காவுக்குத் தேசிய முதன்மைப் பட்டமும் பெரும்பாலும் கிடைத்திருக்கும். ஒஸ்போர்ன் சமநிலையை நாடவில்லை. வெற்றிக்காக இரண்டுக்கு முயன்றார். ரேணர் கில் எறிந்த பந்தை மயாமியின் கென்னி கல்ஹூன் விரலாற் தட்டிவிட்டார். ஆட்டமும் பட்டமும் மயாமிக்குச் சென்றன.

அன்று தொட்டு அமெரிக்கர் ஒஸ்போர்னின் நெஞ்சுரத்தைப் புகழ்ந்து வருகின்றனர். பட்டத்தைப் பிச்சையாக ஏற்காத மானமுள்ளவர் என்பது அவர்களின் கருத்து. நாமும் அம்மானத்தைப் போற்றுகின்றோம். ஆனால் கணக்காசிரியரின் கண்ணுக்கு இன்னொன்று தெரிகின்றது. அவர் தெரிந்த வழியில், முதலில் ஒன்று, பின்னர் இரண்டு. ஆகவே வெற்றிக்குப் பாதி வாய்ப்பு, தோல்விக்குப் பாதி வாய்ப்பு. அவர் முதலாவது ரச்டவுணுக்குப் பின்னரே இரண்டுக்கு முயன்றிருந்தால்? கைகூடின் அடுத்த உதையோடு வெற்றி. அதற்கும் அதே பாதி வாய்ப்புத்தான். தவறின் இறுதியில் மீண்டும் இரண்டுக்கு முயன்று, காற்பங்கு வாய்ப்பிற் சமநிலை. எஞ்சிய காற்பங்கே தோல்வி. வெற்றியின் வாய்ப்பு இம்மியும் குறையவில்லை. தோல்வியின் வாய்ப்புப் பாதியாகின்றது. மானமும் காக்கப்பட்டிருக்கும். அக்காலத்தில் இவ்வாறு சிந்தித்தோர் மிகச் சிலரே ஆதலின் ஒஸ்போர்னைக் குறை கூறுதல் தகாது. அவர் பின்னர் 1994, 1995, 1997 ஆம் ஆண்டுகளில் மூன்று பட்டங்களைப் பெற்றுக்கொடுத்தார் என்பதையும் இங்கே சொல்லிவிடுதல் முறை.

கணக்கு இவ்வளவு தெளிவாக இருக்கையில் பயிற்றுநர் பலர் நெடுங்காலம் அதனை ஏற்கத் தயங்கியது ஏன்? இதுதான் எமக்குச் சுவையான வினா. எட்டுப் புள்ளி பின்னிற்கையில் இரண்டுக்கு முயன்று தவறிய பயிற்றுநரை மறுநாட் பத்திரிகை மூடன் என்னும். ஒன்று, ஒன்றாக எடுத்து மேலதிக நேரத்திலே தோற்றவரை எவரும் ஏசுவதில்லை. “பாவம், நல்லாய்த்தான் ஆடினவங்கள்” என்பதோடு முடிந்துவிடும். பழி வராத தோல்வியை வாங்குவதற்காக வெற்றியின் ஒரு பகுதியை விலையாகக் கொடுக்கின்றனர் போலும்.

முடிவு வேறு, விளைவு வேறு என்பதனை மனித மனம் எளிதில் ஒப்புவதில்லை. நாம் ஊரை விட்டுப் புறப்பட்ட காலத்தை எண்ணிப் பார்க்கின்றோம். கொழும்பிலே முகவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு விடுதி அறைகளிற் காத்திருந்தோர் பலர். ஒருவர் வந்து சேர்ந்தார். ஊரார் அவரைக் கெட்டிக்காரன் என்றனர். அதே முகவரிடம் அதே தொகையைக் கொடுத்த இன்னொருவர் இடைவழி விமான நிலையமொன்றிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார். காணியை ஈடுவைத்துக் காசைக் கரைத்தவன் என்றனர். இருவரும் அறிந்திருந்தவை ஒன்றே. எடுத்த முடிவும் ஒன்றே. பிள்ளைகள் தத்தம் பெற்றோரிடம் இதுபற்றிக் கேட்டுப் பார்க்கலாம். ஆட்டத்தைப் பார்க்கும் வேளைகளிற் பேச்சு அவ்விடத்துக்கு வரும் வாய்ப்பும் உண்டு.

மீண்டும் ஆட்டத்துக்கு வருவோம். 15 புள்ளி பின்னிற்கும் அணி ஒரு ரச்டவுண் பெற்று, வேறுபாட்டை 9 ஆக்குகின்றது என்க. எவ்வாறாயினும் இரண்டு புள்ளி முயற்சியொன்று ஒரு தடவை கைகூடியே ஆகவேண்டும். இப்போதா, அடுத்த ரச்டவுணுக்குப் பின்னரா? கைகூடும் நிகழ்தகவு எப்போது முயன்றாலும் ஒன்றே. பலர், “இப்போது ஒன்றை எடுத்து எட்டாக்குவோம், ஒரு ரச்டவுண் தூரத்தில் இருப்போம், வீரருக்கும் நம்பிக்கை குலையாது” என்பர். இதுவும் பரீட்சைப் பெறுபேறு வந்த கடித உறையைத் திறவாமல் மேசைமேல் வைத்திருப்பதும் ஒன்றே. உறையைத் திறவாதவரை சித்தி எய்தியதாக எண்ணிக்கொள்ளலாம். ஆனால் இப்போதே முயன்று தவறினால், இன்னும் இரு தடவை பந்தைக் கைப்பற்றிப் புள்ளி பெறல் வேண்டும் என்பது உடனே தெரிந்துவிடும். அதற்கேற்ப விரைந்து ஆடலாம், கடிகாரத்தைக் காக்கலாம், மீண்டும் பந்தைப் பறிக்கும் துணிகர முயற்சியை நேரத்தோடு செய்யலாம். இறுதி நொடியில் தவறினால் அவ்வறிவால் ஆவது ஒன்றுமில்லை.

வேறுபாடு எத்தனையாக இருக்கையில் எதனைத் தெரிவது என்பதை அட்டவணையாக முதன்முதல் வரைந்தவராகப் பேசப்படுபவர் டிக் வேர்மீல். 1970 களின் தொடக்கத்தில் லொஸ் ஏஞ்சலிசிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் உதவிப் பயிற்றுநராக இருந்தபோது அதனை ஆக்கினார். அதன் அடிப்படை எளிது. இவ்வாட்டத்தில் புள்ளிகள் மூன்று மூன்றாகவும் ஏழு ஏழாகவுமே பெரும்பாலும் வருகின்றன. ஆகவே 3, 7, 14 ஆகியவை திறவுகோல் எண்கள். ரச்டவுணின் பின் 2 புள்ளி பின்னிற்பின் இரண்டுக்கு முயன்று சமன் செய்க. 5 பின்னிற்பின் முயன்று 3 ஆக்குக. ஒரு பீல்ட் கோல் சமன் செய்யும். 1 முன்னிற்பின் முயன்று 3 ஆக்குக; எதிரணியின் பீல்ட் கோல் எம்மை வீழ்த்தாது. 12 முன்னிற்பின் 14 ஆக்குக. ஆனால் இவ்வட்டவணைக்குக் கடிகாரம் தெரியாது. ஆட்டம் முடிய நெடுநேரம் இருக்கையில் இதனைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுதல் ஆகாது.

2004 பெப்ரவரி 1 ஆம் நாள் நடந்த சுப்பர் போல் ஆட்டத்தில் கரோலைனா பந்தேர்ஸ் அணிக்கு நேர்ந்ததைப் பாருங்கள். நான்காவது காற்பகுதியின் தொடக்கத்தில் 21–10 எனப் பின்னின்ற அவ்வணி ரச்டவுண் பெற்று 21–16 ஆக்கிற்று. 5 பின்னிற்கின்றது என்று அட்டவணைப்படி இரண்டுக்கு முயன்று தவறிற்று. பின்னர் 85 யார் எறிதலொன்றால் 22–21 என முன்னேறி, மீண்டும் இரண்டுக்கு முயன்று மீண்டும் தவறிற்று. இறுதியில் 29–29 ஆகி, நியூ இங்கிலாந்து பேற்றியற்ஸ் அணியின் அடம் வினற்றியேரி, 4 நொடிகள் இருக்கையில் 41 யார் உதையொன்றால் 32–29 என வென்றுகொடுத்தார். இரு தடவையும் உதைத்திருக்கலாமே என்று பலர் கைபிசைந்தனர். எமது கருத்து யாதெனில், பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் எஞ்சியிருக்கச் செய்த முதல் முயற்சி அவசரமானது. அதற்குப் பின்னர் எத்தனை புள்ளிகள் ஏறி இறங்கின! இரண்டாவது முயற்சியோ, தவறியபோதிலும், சரியானதே.

தெரிவே இல்லாத வேளைகளும் உண்டு. 2017 பெப்ரவரி 5 ஆம் நாள் சுப்பர் போலில் இதே பேற்றியற்ஸ் அணி 28–3 எனப் பின்னின்று, பின்னர் 28–12 ஆக்கிற்று. 16 புள்ளிகள் வேண்டும். எட்டும் எட்டும் பதினாறு. இரு ரச்டவுண்களும், இரு தடவையும் இரண்டு புள்ளியும். ஒன்று தவறினும் பயனில்லை. காற்பங்கே வாய்ப்பு. இரண்டும் கைகூடின. 28–28. சுப்பர் போல் வரலாற்றில் முதன்முறையாக மேலதிக நேரம், 34–28 வெற்றி.

இறுதி நொடியில் 1 புள்ளி பின்னிற்கும் பயிற்றுநரின் நிலையே மிகக் கடினமானது. உதைத்தால் மேலதிக நேரம், பாதி வாய்ப்பு. இரண்டுக்கு முயன்றால் உடனடி முடிவு. அதுவும் ஏறத்தாழப் பாதி. இங்கே கணக்கு ஒதுங்கி நின்று, ‘உன் அணியின் நிலை என்ன?’ என்று பயிற்றுநரையே வினவுகின்றது. 2021 டிசம்பரில் போல்ரிமோர் ரேவன்ஸ் அணியின் ஜோன் ஹார்போ, பிற்ஸ்பேர்க் அணிக்கெதிராக 12 நொடிகள் இருக்கையில் 20–19 எனப் பின்னின்றபோது இரண்டுக்கு முயன்று தோற்றார். அவரது பின்காப்பு வீரர் பலர் காயமுற்றிருந்தனர். ஆட்டம் நீடித்தால் தாக்குப்பிடித்தல் அரிது. இரு வாரங்களின் பின் கிறீன்பே அணிக்கெதிராக 31–30 எனப் பின்னின்று, மீண்டும் முயன்று, மீண்டும் தோற்றார். முதல் தோல்விக்குக் கிடைத்த ஏச்சைப் பொருட்படுத்தாது இரண்டாம் முறையும் அதையே செய்த அம்மனிதரை எமக்குப் பிடித்திருக்கின்றது. நலிந்த அணிக்கு ஆட்டம் நீள நீள நட்டமே. ஒரேயொரு முயற்சியில் எவரும் எவரையும் வெல்லலாம்.

மாணவருக்கு ஒரு பயிற்சி. 14 புள்ளி பின்னிற்கும் அணியின் கணக்கில் உதை தவறாது என எளிமைக்காகக் கொண்டோம். இப்போது உதை நூற்றுக்கு 94, இரண்டு புள்ளி முயற்சி நூற்றுக்கு 48 எனக் கொண்டு இரு வழிகளையும் மீண்டும் கணிக்க. உதைக்கும் வழியில் முதலாவது உதை தவறினால் அடுத்த முறை இரண்டுக்கு முயலவேண்டி வரும் என்பதையும், மற்றைய வழியில் வெற்றி உதை தவறினாலும் சமநிலை எஞ்சும் என்பதையும் மறவாதீர்கள். ஒன்று ஏறத்தாழ 46 என்றும் மற்றையது 59 என்றும் வருதல் வேண்டும். வராவிடில், தாளை எடுத்துக்கொண்டு அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கு வாருங்கள்.